தேர்வு மான்செஸ்டரில், வேலை எங்கே?

மான்செஸ்டர் நகரின் ஹார்ட்மன் வீதியில் ஒரு கட்டிடம். உள்ளே, மருத்துவமனையின் ஆலோசனை அறைகளைப் போலவே அமைத்த சிறு சிறு அறைகள். மணி அடித்ததும் மருத்துவர் ஒரு கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். நெஞ்சுவலி என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையில், தாய்க்குப் புற்றுநோய் என்பது இன்னும் தெரியாத மகள். அதற்கடுத்த அறையில், மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டீர்களே என்று சீறும் தந்தை. அத்தனை பேரும் நடிகர்கள். ஓர் அறைக்கு எட்டு நிமிடம். இப்படிப் பதினாறு அறைகள். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் தொழில் செய்வதற்காக எழுதும் ‘பிளாப்’ தேர்வின் இரண்டாம் கட்டம் இதுதான்.

முதல் கட்டத்தைச் சென்னையிலோ கொழும்பிலோ எழுதிவிடலாம். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். நம் பிள்ளைகள் பள்ளி நாளிலிருந்து பழகிய வித்தை. இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் மான்செஸ்டருக்கே போக வேண்டும். அங்கே தடுமாற வைப்பது பெரும்பாலும் மருத்துவ அறிவு அல்ல. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் ஒரு காலைக்குள் நூறு பேரைப் பார்த்துப் பழகிய ஹவுஸ் சர்ஜனுக்கு, ஒரே நோயாளிக்கு எட்டு நிமிடம் என்பதே புதிது. அந்த எட்டு நிமிடத்துக்குள் “உங்களுக்கு இதில் எது கவலையாக இருக்கிறது?” என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். இதற்கென்று சென்னையிலும் மான்செஸ்டரிலும் பயிற்சி மையங்கள் நடக்கின்றன. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் பிளாப் எழுத வந்தவர்களை நம்பியே வாடகை அறைகள் நடந்தன.

இரண்டாம் கட்டத் தேர்வுக்கு மட்டும் கட்டணம் ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு. முதல் கட்டம், ஆங்கிலத் தேர்வு, பட்டச் சரிபார்ப்பு, விசா, விமானம், தங்கல், கடைசியில் பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவக் கவுன்சிலின் கட்டணம் என்று கூட்டிக்கொண்டே போனால், சிக்கனமாகச் செய்பவருக்கே மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். இவ்வளவும் செய்து தேறியவர் கையில் இருப்பது பதிவு எண். அது வேலை செய்ய அனுமதி, வேலை அல்ல. ரேஷன் கார்டு இருக்கிறது, கடையில் சரக்கு வருமா என்பது வேறு விஷயம்.

சில ஆண்டுகள் முன்புவரை சரக்கு வந்துகொண்டிருந்தது. பதிவு கிடைத்த சில வாரங்களிலோ மாதங்களிலோ ஏதாவது ஒரு ஊரின் மருத்துவமனை நேர்காணலுக்கு அழைத்துவிடும். 2023, 2024 ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. இளநிலை மருத்துவர் பணியிடம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிகின்றன. அறிவித்த சில மணி நேரத்தில் விளம்பரத்தையே மூடிவிடுகிறார்கள். ‘என்எச்எஸ்’ எனப்படும் தேசிய சுகாதார சேவையில் முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்ற வரி ஏறக்குறைய எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அந்த அனுபவத்தை எங்கே பெறுவது? சம்பளமில்லாமல் ஒரு வார்டில் ஓரமாக நின்று பார்க்கும் ‘கிளினிக்கல் அட்டாச்மென்ட்’ ஒரு வழி. அதற்கும் சில மருத்துவமனைகள் கட்டணம் வாங்குகின்றன.

இதில் ஒரு முரண் எல்லோர் கண்ணிலும் படும். இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2025இல் எழுபது லட்சத்துக்கும் மேல். மருத்துவர் போதவில்லை என்று அமைச்சர்களும் சொல்கிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. பிறகு ஏன் மருத்துவருக்கு வேலை இல்லை? மருத்துவர் பற்றாக்குறையும் காலிப் பணியிடமும் ஒன்றல்ல என்பதுதான் விடை. பணியிடம் என்பது அரசு பணம் ஒதுக்கினால் மட்டும் உண்டாவது. பற்றாக்குறை அதிகம் உறைப்பது முழுப் பயிற்சி முடித்த கன்சல்டன்ட்டுகள் மட்டத்திலும் குடும்ப மருத்துவச் சேவையிலும். பிளாப் வழியாக வருபவர்களோ இளநிலைப் படியில் வந்து நிற்கிறார்கள். அங்கிருந்து மேலே ஏறச் சிறப்புப் பயிற்சி இடம் வேண்டும். 2025இல் ஏறக்குறைய 10,000 பயிற்சி இடங்களுக்கு 30,000 பேர் மோதினார்கள். பயிற்சி முடித்த குடும்ப மருத்துவர்களுக்கே வேலை இல்லை என்ற கூக்குரல் எழுந்து, 2024 இறுதியில் அவர்களை அமர்த்த அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. தேவை இருக்கிறது, ஆளும் இருக்கிறார், நடுவில் சம்பளத்துக்கான பணம் இல்லை.

இது இன்று நேற்று வந்த கதை அல்ல. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களைப் பிரிட்டன் 1892 முதல் ஏற்று வந்தது. 1920களில், இந்தியக் கல்லூரிகளில் மகப்பேறு மருத்துவப் பயிற்சி போதாது என்று லண்டனில் சர்ச்சை எழுந்தது. ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள், கடிதங்கள் பறந்தன. 1930இல் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. ஏகாதிபத்தியத்தின் குடிமக்களுக்கு மருத்துவம் பார்க்கப் போதுமான பட்டம், ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் செல்லாக்காசு. அந்த அவமானத்தின் வழியாகத்தான் 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது.

அங்கீகாரம் பிறகு திரும்பியது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியதும், மருத்துவமனைகளைத் திறந்துவிட்டோம், ஆள் எங்கே என்ற கேள்வி வந்தது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இளம் மருத்துவர்கள் வராமல் போயிருந்தால் சேவையே சரிந்திருக்கும் என்று 1961இல் பிரபுக்கள் சபையிலேயே பேசப்பட்டது. வந்தவர்களுக்கு லண்டனின் பெரிய மருத்துவமனைகளும் இதய அறுவை சிகிச்சையும் எளிதில் கிட்டவில்லை. உள்ளூர் மருத்துவர்கள் விரும்பாத முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம், தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் குடும்ப மருத்துவம் ஆகியவைதான் அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கேட்டுக்கொண்டே ஒரு தலைமுறை இந்திய மருத்துவர்கள் அங்கே ஓய்வு பெற்றார்கள்.

1975இல் மறுபடி கதவு ஒருக்களித்தது. இந்தியப் பட்டத்துக்கான நேரடி அங்கீகாரம் மீண்டும் போனது. தகுதித் தேர்வு வந்தது. சில ஆண்டுகளில் அதற்குப் பிளாப் என்று பெயர் மாறியது.

2006 இன்னும் கசப்பானது. பயிற்சிக்காக வரும் மருத்துவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற விதி 1985 முதல் இருந்தது. அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் பிளாப் எழுதி வந்து இறங்கியிருந்த நேரத்தில், முன்னறிவிப்பு என்று சொல்ல முடியாத அளவு குறுகிய அவகாசத்தில் அந்த விதி நீக்கப்பட்டது. போதாததற்கு, உயர்திறன் குடியேறிகளுக்கான விசாவில் சட்டப்படி இருந்த மருத்துவர்களையும் ஒதுக்கிவைக்கும்படி சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான ‘பாப்பியோ’ நீதிமன்றம் போனது. 2008 ஏப்ரலில் அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அந்த வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது. ஆனால், இரண்டு ஆண்டுகள் வேலையில்லாமல் நின்ற மருத்துவருக்கு அந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. கடனோடு ஊர் திரும்பியவர்கள் அதற்குள் திரும்பிவிட்டிருந்தார்கள்.

பிறகு மீண்டும் பற்றாக்குறை, மீண்டும் அழைப்பு. 2018 தொடக்கத்தில், விசா உச்சவரம்பு காரணமாகச் சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் விசா விண்ணப்பங்கள் தடுக்கப்பட்டன. மருத்துவமனைகள் கூச்சலிட்டதும் அந்த ஜூனில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வரம்பு தளர்த்தப்பட்டது. 2019 அக்டோபரில் அத்தனை மருத்துவப் பணிகளும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் ஏறின. உள்ளூர்க்காரர் கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டவர் என்ற பழைய தடை நீங்கி, பயிற்சி இடங்களுக்கு முதல் சுற்றிலேயே எல்லோரும் சமமாகப் போட்டியிடலாம் என்று ஆனது. சுகாதாரப் பணியாளர்களுக்கென்று 2020இல் தனி விசாவும் வந்தது. 2023இல் பிரிட்டனில் புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெளிநாட்டில் படித்தவர்கள்.

அடுத்த திருப்பம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் அங்கேயே படித்துக் கல்விக் கடனோடு வெளியே வரும் பிரிட்டிஷ் பட்டதாரிகள், உலகம் முழுவதோடும் போட்டியிட்டுப் பயிற்சி இடத்தை இழக்கிறோமே என்று கேட்டார்கள். 2025இல் மருத்துவர் சங்கமே அவர்களுக்கு முன்னுரிமை கேட்டது. அந்த ஜூலையில் வெளியான அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் அதை ஏற்றுக்கொண்டது. 2026 ஜனவரியில் அதற்கான மசோதாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அவர்கள் கேட்டது அநியாயம் என்று சொல்ல முடியாது. தன் மக்கள் வரியில் படிக்க வைத்த மருத்துவருக்குத் தன் மருத்துவமனையில் முதலிடம் தருவது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. மாநில ஒதுக்கீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறிய தமிழ்நாட்டுக்கு அதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அரசு கதவை மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் பொது மருத்துவக் கவுன்சில் தேர்வு இடங்களை விற்றுக்கொண்டிருந்தது. ‘தகுதியைச் சோதிப்பது மட்டுமே எங்கள் வேலை, பணியமர்த்துவது வேறு அமைப்பு’ என்பது கவுன்சிலின் நியாயம். சட்டப்படி சரிதான். ஆனால் ஒரு நாட்டின் ஓர் அமைப்பு ‘வா’ என்றும் இன்னோர் அமைப்பு ‘இடமில்லை’ என்றும் சொல்லும்போது, இரண்டுக்கும் நடுவே அகப்படும் செலவு முழுவதையும் மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒரு குடும்பம் சுமக்கிறது.

செவிலியர் விஷயத்தில் அதே நாடு அதே சேவைக்காக வேறு முறையைக் கையாண்டது. 2019 தேர்தலில் 50,000 கூடுதல் செவிலியர்கள் என்று வாக்குறுதி தந்த அரசு, அதில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து நிரப்பியது. அங்கே வரிசையே மாறியிருந்தது. மருத்துவமனை நிர்வாகமே கொச்சிக்கு ஆள் அனுப்பி நேர்காணல் நடத்தும். வேலைக் கடிதம் முதலில் வரும். கணினித் தேர்வு, விசா, விமானச் சீட்டு, முதல் சில வாரத் தங்குமிடம் ஆகியவற்றைப் பல மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. செய்முறைத் தேர்வை அங்கே போய், சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதலாம். அந்த ஏற்பாட்டிலும் முட்கள் உண்டு. பாதியில் விலகினால் ஆயிரக்கணக்கான பவுண்டைத் திருப்பிக் கட்டு என்று சில முதலாளிகள் ஒப்பந்தத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இலக்கு 2023இல் நிறைவேறியதும் அழைப்பும் தணிந்தது. 2024-25இல் வெளிநாட்டிலிருந்து பதிவான செவிலியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 30 சதவீதம் சரிந்தது. என்றாலும் அழைப்பு நின்றபோது இடைவழியில் தவித்தவர்கள் மருத்துவர்களைவிடக் குறைவு. வேலை இல்லாமல் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் குறைவாக இருந்ததுதான் காரணம்.

மருத்துவருக்கு ஏன் இந்த மரியாதை இல்லை? மருத்துவரின் குடும்பம் எப்படியாவது பணம் புரட்டிவிடும் என்பதுதான் வெளிப்படையான பதில். அழைக்காமலேயே வருபவருக்கு யாரும் பயணச் சீட்டு வாங்கித் தருவதில்லை.

அழைக்காமலேயே ஏன் போகிறார்கள் என்பதற்கு நம் பக்கமும் காரணம் உண்டு. நாட்டின் எம்.பி.பி.எஸ். இடங்கள் 2014இல் ஏறத்தாழ 51,000; பத்தே ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மேற்படிப்பு இடங்களும் பெருகின, ஆனால் பட்டம் பெறும் எல்லோருக்கும் போதவில்லை. நீட் மேற்படிப்புத் தேர்வில் விரும்பிய துறை கிடைக்காதவர் ஓராண்டு, இரண்டாண்டு என்று மறுபடி மறுபடி எழுதுகிறார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவர் பணிக்கு விளம்பரம் செய்தால் விண்ணப்பங்கள் பணியிடத்தைப் போலப் பல மடங்கு வருகின்றன. இடைக்காலத்தில் கிடைப்பது தனியார் மருத்துவமனையில் ‘டியூட்டி டாக்டர்’ வேலை: இரவுப் பணி, முப்பது நாற்பதாயிரம் சம்பளம், கற்றுக்கொடுக்க யாருமில்லை. பிரிட்டனுக்கு ஏங்குபவர் எல்லோரும் பவுண்டுக்காக ஏங்குவதில்லை. மூத்த மருத்துவர் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஒழுங்கான பயிற்சிக்காக ஏங்குபவரே அதிகம். அந்தப் பயிற்சி இடம்தான் இப்போது பிரிட்டனில் மூடப்படுகிறது என்பது பலருக்கு மான்செஸ்டர் போய் வந்த பிறகே உறைக்கிறது.

வேலை கிடைத்தவர்களின் கதையும் முழுக்க இனிப்பல்ல. மருத்துவமனை நேரடியாக அமர்த்தும் ‘டிரஸ்ட் கிரேடு’ பணியில் சேர்பவர் அதே வார்டில், அதே இரவுப் பணியைத்தான் செய்கிறார். ஆனால் அது பயிற்சிக் கணக்கில் வராது. தவறு நடந்தால் மேலதிகாரிகள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பும் வாய்ப்பு, உள்ளூர்ப் பட்டதாரியைவிட வெளிநாட்டுப் பட்டதாரிக்கு இரண்டரை மடங்கு என்று 2019இல் கவுன்சிலே வெளியிட்ட ஆய்வு சொன்னது. வந்த புதிதில் யாரும் முறையாக வழிகாட்டாததும், குறையை முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கிவிட்டு நேராகப் புகார் எழுதுவதும் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

பிளாப் தவிர வேறு கதவுகள் இல்லாமல் இல்லை. மேற்படிப்பு முடித்தவர்களை ராயல் கல்லூரிகளின் ஆதரவோடு இரண்டு ஆண்டு வரை பயிற்றுவித்துத் திருப்பி அனுப்பும் ‘மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ்’ திட்டத்தில் பிளாப் தேவையில்லை. அங்கே பயிற்சி இடம் கைக்கு வந்த பிறகே பதிவு. எம்.ஆர்.சி.பி. போன்ற ராயல் கல்லூரிப் பட்டங்களைக் கொண்டும் பதிவு பெறலாம். இலங்கையின் முறை இதில் கவனிக்கத்தக்கது. கொழும்பின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. முடித்தவர், சிறப்பு மருத்துவராக அங்கீகாரம் பெறும் முன் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும். பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ நிறுவனத்தின் பெயரோடு போகிறார். 2022 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அப்படிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது இலங்கைக்கு வேறு தலைவலி. ஆனால் போகும் மருத்துவரின் பக்கம் ஒரு நிறுவனம் நிற்கிறது.

ஜெர்மனி இன்று புதிய கனவாக விற்கப்படுகிறது. அங்கே உண்மையிலேயே காலியிடங்கள் உண்டு. ஆனால் பொது ஜெர்மன் மொழித் தேர்வுக்கு மேல் மருத்துவ ஜெர்மனில் தனித் தேர்வு, அதற்கும் மேல் தகுதிச் சமநிலைச் சோதனை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி வேகம். மொழிக்கு மட்டும் ஒன்றரை ஆண்டு ஒதுக்க முடியாதவருக்கு அந்த விளம்பரப் பலகை பயன்படாது.

இடைத்தரகர்களின் வரலாறும் நினைவில் இருக்க வேண்டும். 2015இல் குவைத்துக்குச் செவிலியர் எடுத்த கொச்சி முகமை ஒன்று, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் பதிந்தது. அதே ஆண்டில் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கான செவிலியர் தேர்வை அரசு முகமைகள் வழியாகவே நடத்த வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. கேரளத்தின் நோர்கா, ஒடெபெக் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் ‘அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவன’மும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 1978இல் தொடங்கிய இந்நிறுவனத்தைப் பற்றி மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கேரளம் இன்னும் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. 2022 நவம்பரில் நோர்கா கொச்சியில் நடத்திய பிரிட்டன் வேலைவாய்ப்பு முகாமுக்கு அந்நாட்டு மருத்துவமனை நிர்வாகங்கள் நேரில் வந்தன. 2024 மார்ச்சில் வேல்ஸ் அரசு, மருத்துவர்களையும் சேர்த்து 250 சுகாதாரப் பணியாளர்களை எடுக்கக் கேரள அரசோடு ஒப்பந்தம் செய்தது. எந்தத் துறைக்கு எத்தனை பேர், எந்த மருத்துவமனை என்று பேசிவிட்டு ஆளைத் தேடும் முறை இது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் விண்ணப்பிப்பவர் பணம் கட்டும் முன் மறுமுனையில் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு நிறுவனம் இதைச் செய்யப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. வேல்ஸ் போலத் தேவையுள்ள அரசுகளோடு மனநல மருத்துவம், முதியோர் மருத்துவம் போன்ற துறைகளுக்கு நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்றும் உண்டு: எந்த நாட்டில் எந்தப் படிநிலைக்கு இப்போது உண்மையில் ஆள் எடுக்கிறார்கள், விசா விதி கடைசியாக எப்போது மாறியது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் ஹவுஸ் சர்ஜன் விடுதிக்கும் அனுப்புவது. அதுவரை, பிளாப் முதல் கட்டம் தேறிய இளம் மருத்துவர் மான்செஸ்டருக்குச் சீட்டு எடுக்கும் முன் என்எச்எஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் தன் படிநிலைக்கான விளம்பரங்களை ஒரு மாதம் தொடர்ந்து கவனிப்பது நல்லது. இங்கிருக்கும் வேலையையும் விட்டுவிடக் கூடாது; கடைசியாக நோயாளியைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அங்குள்ள மருத்துவமனைகள் கேட்கின்றன.